கழுத்துக்குக் கீழே ஒரு கை

பழைய ஐரோப்பாவில், ஃபிளாண்டர்ஸ் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கதலைனா என்ற பெண் ஓவியக்கூடம் நடத்திவந்தாள். கணவர் யோஸ் இறந்து ஒன்பது வருஷம். ஆனாலும் படங்கள், அவர் வரைந்துவைத்துப் போனவை என்ற பேச்சோடு, அவர் பெயரில்தான் வெளியே போயின. பெண் பெயரை அந்த ஊர் ஓவியர் சங்கம் ஏற்காது.

அவளிடம் லீஸ்பெத் என்ற சீடப்பெண் இருந்தாள். கைப்பிள்ளைக்காரி. புதிதாக முடிந்த மாதா படத்தில் முகமும் நீலத் துணியும் கதலைனா வரைந்தவை. குழந்தையும் அதைத் தாங்கும் கையும் லீஸ்பெத் வரைந்தவை.

மாதா கோவில் நிர்வாகி படத்தைப் பார்க்க வந்தார். பார்த்தவர் அசையவில்லை.

"மத்தவங்க படத்துல குழந்தை ஒரு குட்டி நீதிபதி மாதிரி தானா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். இங்கே பாருங்க, கழுத்துக்குக் கீழே கை! யோஸ் யோஸ்தான்."

"அவர் பிள்ளையைத் தூக்கினதே இல்லை, ஐயா" என்றாள் கதலைனா.

"பின்னே யார் வரைஞ்சது?"

கதலைனா தன்னையும் காட்டினாள், லீஸ்பெத்தையும் காட்டினாள்.

நிர்வாகி குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லாதீங்க, அம்மா. யோஸ் பேர் இல்லேன்னா கோவில்ல மாட்டவே விடமாட்டாங்க. காலையில ஆள் அனுப்பறேன்."

அவர் போனபின் லீஸ்பெத் தூரிகையை எடுத்தாள்.

"யார் பேரை எழுதட்டும், அம்மா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"ஐயா பேரே இருக்கட்டும். படத்தையாவது நாலு பேர் பார்க்கட்டும்."

கதலைனா எழுந்தாள். தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்கேம்மா?"

"கோவிலுக்கு. யோஸ் பத்து மாசம் சுமந்து பெத்த பிள்ளைன்னு சொல்லிட்டு வரேன்."

லீஸ்பெத் சிரித்தாள். கதலைனா சிரிக்கவில்லை. வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்துவிட்டாள்.

"அம்மா! அவன் என் பிள்ளை!"

அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். லீஸ்பெத் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

கதலைனா திரும்பி வந்தாள். பிள்ளையை அவளிடம் கொடுத்தாள். படத்தை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

லீஸ்பெத்தும் படத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, படத்தின் மூலையில் தன் பெயரை எழுதினாள்.

"நாளைக்குக் கோவில்ல வேண்டாம்னுட்டா என்னம்மா பண்றது?"

கதலைனா இன்னொரு தூரிகையை வண்ணத்தில் தோய்த்தாள்.

"கொஞ்சம் தள்ளு. என் பேருக்கும் இடம் விடு."