இடது பக்கம் இழுக்கும் கார்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த நசீருக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த தாமோதரனுக்கு அறுபது. ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்றை வாங்கினார். அதில் ஏறி உட்கார்ந்ததைவிட அதற்கு அடியில் படுத்துக் கிடந்ததுதான் அதிகம்.

அன்று மத்தியானம் இடது பின்சக்கரத்தை மூன்றாவது முறையாகக் கழற்றினார்.

"பிரேக் மிதிச்சா இன்னும் இடது பக்கமே இழுக்குதுங்க மாஸ்டர். இதை எத்தனை தடவைதான் தளர்த்தறது? அலுத்துப் போச்சு."

"வலது பக்கம்?"

"அது தங்கமுங்க. ஒரு சத்தம் கிடையாது. அதை நான் தொடவே இல்லை."

நசீர் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்தார். வெயிலில் அவருக்கும் களைப்புதான்.

தாமோதரன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்லயும் இதே கதைதானுங்க. படுத்த படுக்கையா இருக்கற எங்கம்மாவைக் குளிப்பாட்டறதுல இருந்து ரேஷன் வாங்கற வரைக்கும், என் சம்சாரம் சாரதா கத்திக்கிட்டேதான் செய்வா. நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. இன்னிக்குப் பெட்டியைக் கட்டிட்டா. நாலு மணி பஸ்ஸுல கோபிக்கு, அவ அண்ணன் வீட்டுக்கு. இனி வரமாட்டாளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? கார் வேலை இருக்குன்னு வந்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான், அவள் போயே விடுவாளோ என்று தாமோதரனுக்குப் பயம் வந்தது.

சக்கரத்தைத் திரும்ப மாட்டச் சொன்னார் நசீர். வண்டியின் பின்பக்கம் ஜாக்கியில்தான் நின்றது. அவர் உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தார்.

"ரெண்டையும் சுத்திப் பாருங்க."

இடது சக்கரம் அசையவில்லை. வலது சக்கரம் ஒரு விரலுக்கே சுழன்றது.

"மாஸ்டர், மிதிச்சிருக்கீங்களா?"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

வலது பக்கத்தைக் கழற்றினார்கள். உள்ளே பிரேக்கை அழுத்த வேண்டிய சிலிண்டர் துருவேறி இறுகிக் கிடந்தது. அந்தப் பக்கம் பிரேக் பிடித்தே பல மாதம் ஆகியிருக்கும்.

"அப்ப இடது பக்கத்துல கோளாறு?"

"ஒண்ணும் இல்லீங்க அண்ணா. இத்தனை நாளும் பின்னாடி பிடிச்சு நிறுத்தினது அது ஒண்ணுதான். இழுக்காம என்ன பண்ணும்?"

தாமோதரன் அந்தத் துருவையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். பிறகு, ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஸ்பேனரை எடுத்தார்.

நசீர் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கார் எங்கயும் போகாது. மணி மூணேகால் ஆச்சுங்க அண்ணா."