கை பின்னால் போன பைஜாமா

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காலையிலிருந்து பெய்த தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. மரங்களின் பாதி உயரத்துக்கு மூடுபனி நின்றது. அந்த நேரத்தில், ஒரு மலைக்காட்டில், நான்கு பிராணிகள் வட்டமாக உட்கார்ந்து பைஜாமா தைத்துக்கொண்டிருந்தன.

ஆம், குழந்தைகளே, பைஜாமாதான்!

அந்தக் காட்டின் ஓரத்தில் ஆளில்லாத பழைய பயணியர் விடுதி ஒன்று இருந்தது. பத்து நாட்களுக்கு முன் மழையில் ஊறி அதன் கதவு விழுந்தபோது, உள்ளே ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. பெட்டியில் நீலக் கோடு போட்ட பருத்தித் துணியும், பைஜாமா வெட்டுவதற்கான அளவுக் காகிதங்களும் இருந்தன. காகித உறையின்மேல் ஒரு படம். அகன்ற காலர், மார்பில் ஒரு பை, ஓரமெல்லாம் வெள்ளை நாடா வைத்த சட்டையும் அதற்கேற்ற கால்சட்டையுமாகப் பைஜாமா அணிந்து ஒருவர் மிடுக்காக நின்றார். அவருடைய கைகள் இருந்த இடத்தை மட்டும் எலி தின்றிருந்தது.

"இது பழைய மோஸ்தர், அந்தக் காலத்துப் பாணி. இப்போது யாருக்கும் இப்படித் தைக்க வராது" என்றது தையல்சிட்டு.

"அப்படியானால் நாம் தைப்போமே அக்கா! குளிரும் வருகிறது" என்றது முள்ளம்பன்றி.

குரங்கு குதித்தது. "இன்றைக்கே தொடங்குவோம், நாளைக்கே முடிப்போம்!"

"நானும் வரலாமா?" என்று மரத்தின் மேலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. அது தேவாங்கு.

குரங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீ பகலெல்லாம் தூங்குகிறவள். நீ தைத்தால் அது பைஜாமா அல்ல, பகல்ஜாமா!"

தேவாங்கும் சிரித்துவிட்டது. ஆனாலும் இறங்கி வந்து உட்கார்ந்தது. அது இறங்கி வருவதற்குள் மற்ற மூவரும் துணியை நான்காகப் பங்கிட்டு முடித்திருந்தார்கள்.

நால்வரும் ஆசைக்காகத் தைத்தவர்கள். யாருக்கும் அது தொழில் அல்ல. ஆனால் தையல்சிட்டு மட்டும் அப்படி நினைக்கவில்லை. இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் குலம் அது. "என் பெயரிலேயே தையல் இருக்கிறது" என்று ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொல்லும். முள்ளம்பன்றி தன் முட்களை ஊசிகளாகத் தந்தது. தன் பல்லால் துணியையும் வெட்டிக் கொடுத்தது. யார் என்ன சொன்னாலும் "ஆமாம்" என்பது அதன் குணம். குரங்கு எதையும் அவசரமாகச் செய்யும். தேவாங்கு எதையும் மெதுவாகச் செய்யும்.

விடுதியில் கிடைத்த காகிதம் மனிதர் அளவுக்கு இருந்தது. அதனால் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துத் தங்கள் உடம்புக்கு ஏற்பத் தேக்கிலையில் சிறிதாக வரைந்துகொண்டார்கள். அந்தக் காகிதத்தின் ஓரங்களில் ஆங்காங்கே சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன.

"இவை என்ன அக்கா?" என்று கேட்டது தேவாங்கு.

"தெரியவில்லையா? படத்தைத் தின்ற எலி இங்கேயும் கொறித்திருக்கிறது. விட்டுவிட்டு வரை" என்றது தையல்சிட்டு.

மூவரும் விட்டுவிட்டார்கள். தேவாங்கு மட்டும் இருப்பதை இருப்பதுபோலவே வரைந்தது. அந்த வெட்டுகளையும் தன் துணியில் நுனி நகத்தால் அளந்து போட்டது.

"பாருங்கள், பாருங்கள்! எலி கொறித்ததைக்கூட விடாமல் நகல் எடுக்கிறாள்!" என்று கைகொட்டியது குரங்கு.

பத்து நாட்கள் வேலை நடந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பாறைத் திடலில் காட்டுப் பிராணிகள் எல்லாம் கூடி, இவர்கள் தைத்ததைப் பார்ப்பதாக ஏற்பாடு. தேவாங்கு அந்தக் காலையை எண்ணி எண்ணித் தைத்தது. பிறந்த நாள் முதல் அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் "எப்போது வந்து சேர்வாய்?" என்று மட்டுமே கேட்டிருக்கிறார்கள். "இது நான் செய்தது" என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் அதன் ஆசை.

பதினோராம் நாளான அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மீதமிருந்தது ஒரே வேலை: சட்டைக்குக் கை வைப்பது.

"எந்தக் கை எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டது தேவாங்கு.

"கை என்றால் கைதான். இரண்டும் ஒன்றுதான். நான் வைப்பதைப் பார்த்து வை" என்றது தையல்சிட்டு.

அது வைத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

முதலில் முடித்தது குரங்கு. முடித்த கையோடு போட்டுப் பார்த்தது. காலர் அழகாக மடிந்தது. மார்புப் பை நேராக இருந்தது. கோடுகள் சீராக ஓடின. ஆனால்...

"அடடா! என் கை எங்கே?"

குரங்கின் இரண்டு கைகளும் முதுகுப் பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றன. முன்னால் கொண்டுவரப் பார்த்தது, தோள் பிடித்தது. எதிரே கிடந்த நெல்லிக்காயை எடுக்கக் குனிந்தது, கை வரவில்லை. கடைசியில் வாயாலேயே கவ்விக்கொண்டது.

முள்ளம்பன்றியும் போட்டுப் பார்த்தது. அதன் கைகளும் பின்னால் போயின. தையல்சிட்டு மெல்லத் தன் கால்சட்டையையும் சட்டையையும் மாட்டியது. அதன் சிறகுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன.

எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு தையல்சிட்டு தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஏன் எல்லோரும் முழிக்கிறீர்கள்? இதுதான் பழைய மோஸ்தர்!"

"எது அக்கா?"

"கையைப் பின்னால் கட்டி நிற்பது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். உறைமேல் இருக்கும் படத்தைப் பாருங்கள். அவருடைய கை முன்னால் தெரிகிறதா?"

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். கை தெரியவில்லைதான்.

"ஆமாம் அக்கா" என்றது முள்ளம்பன்றி.

குரங்கு நெஞ்சை நிமிர்த்தி இரண்டு அடி நடந்து பார்த்தது. "அட, நன்றாகத்தான் இருக்கிறது! எனக்கே என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது!"

தேவாங்கு தன் சட்டையை மடிமேல் விரித்து, வட்டக் கண்களால் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விரல் தையலின்மேல் மெல்ல ஊர்ந்தது. உடம்புத் துணியின் முன்பக்கத்து அக்குள் வளைவில் ஒரு வெட்டு. பின்பக்கத்து வளைவில் இரண்டு வெட்டு. சட்டைக் கையின் ஒரு பக்கத்திலும் ஒரு வெட்டு, மறு பக்கத்தில் இரண்டு.

"அக்கா, எலி ஒரு பக்கம் ஒரு கடி, மறு பக்கம் இரண்டு கடி கடித்திருக்கிறது. இரண்டு அக்குளிலும் இரண்டு கையிலும் அப்படியே கடித்திருக்கிறது" என்றது.

"அதனால் என்ன?"

"எண்ணி எண்ணியா எலி கொறிக்கும்?"

குரங்கு 'குபீர்' என்று சிரித்துவிட்டது. தையல்சிட்டு அதை ஒரு பார்வை பார்த்தது. குரங்கு வாயை மூடிக்கொண்டது.

தேவாங்கு தொடர்ந்தது. "ஒன்றோடு ஒன்று சேர வேண்டும், இரண்டோடு இரண்டு சேர வேண்டும். அதற்காக வைத்த அடையாளம் இது. நாம் ஒன்றை இரண்டோடு சேர்த்துவிட்டோம். வலக்கை இடப்பக்கம் போய்விட்டது. இடக்கை வலப்பக்கம் போய்விட்டது. பிரித்து மாற்றி வைத்தால் சரியாகிவிடும்."

"பிரிப்பதா!" தையல்சிட்டு அதிர்ந்துபோயிற்று. "எங்கள் குலத்தில் பிரித்துத் தைக்கும் வழக்கமே இல்லை. ஏன் தெரியுமா?"

அது பக்கத்துப் புதரிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கவ்வி வந்து போட்டது. போன பருவத்துக் கூட்டின் இலை அது. ஓரமெல்லாம் வரிசையாகத் துளைகள். துளைகளின் வழியே இலை இரண்டாகக் கிழிந்திருந்தது.

"ஒரு முறை தையலைப் பிரித்தேன். அந்தத் துளைகள் மூடவே இல்லை. முதல் மழையில் கூடு கிழிந்து விழுந்தது. குத்தியது குத்தியதுதான் தேவாங்கு. உனக்கு இருப்பதே ஒரு பங்குத் துணி. பெட்டியில் வேறு ஒரு முழம்கூடக் கிடையாது. நன்றாக யோசித்துக்கொள். நாளைக்கு நாங்கள் எல்லோரும் பைஜாமாவில் வருவோம். நீ கந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்."

அந்தக் குரலில் கேலி இல்லை. உண்மையான பயம் இருந்தது. அதனால்தான் தேவாங்குக்கும் பயம் வந்தது.

அது முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி, "சிட்டக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

தேவாங்கு நெடுநேரம் யோசித்தது. பிறகு, வெளியே தெரியாத அக்குள் மூலையில், ஒரு தையலை மட்டும் முள் நுனியால் நெம்பி எடுத்தது. இன்னொன்றை எடுத்தது. மூன்றாவதையும் எடுத்தது.

துணியில் மூன்று துளைகள் பளிச்சென்று தெரிந்தன.

"சொன்னேனே! பார்த்தாயா?" என்றது தையல்சிட்டு.

ஆனாலும் தேவாங்கு துணியைக் கீழே வைக்கவில்லை. துளைகளை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தது. எந்த நூலும் அறுபடவில்லை. இரண்டு நூல்கள் இடது பக்கம் நகர்ந்திருந்தன, இரண்டு வலது பக்கம் நகர்ந்திருந்தன, அவ்வளவுதான். அது புல்நுனியில் இருந்த ஒரு துளி நீரைத் தொட்டு அந்த இடத்தில் தடவியது. நகத்தால் குறுக்கே ஒரு முறை வருடியது. நெடுக்கே ஒரு முறை வருடியது.

நகர்ந்திருந்த நூல்கள் தத்தம் இடத்துக்கே திரும்பி வந்தன. முதல் துளை மறைந்தது. இரண்டாவதும் மறைந்தது. மூன்றாவது எங்கே இருந்தது என்று தேவாங்குக்கே தெரியவில்லை.

"அக்கா!" தேவாங்கு தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக வேகமாகப் பேசியது. "நீங்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது இலை. இது இழை. இலையைக் குத்தினால் கிழிகிறது. இழையைக் குத்தினால் விலகிக் கொடுக்கிறது. ஓர் எழுத்துதான் மாறுகிறது அக்கா. வாருங்கள், எல்லோருமே பிரிப்போம். பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது!"

குரங்கு வானத்தைப் பார்த்தது. "இரண்டு மணி நேரமா? எனக்கு இது போதும். எனக்குப் பழைய மோஸ்தர் பிடித்துவிட்டது."

முள்ளம்பன்றி தையல்சிட்டைப் பார்த்தது.

தையல்சிட்டு அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தது. துளைகள் மறைந்ததை அதுவும் பார்த்துவிட்டது. கடைசியில், "ஓர் எழுத்து மாறினால் மாறட்டும். என் பெயரில் தையல் இருக்கிறதே தவிர, பிரித்தல் இல்லை" என்று சொல்லிவிட்டு, கால்சட்டை தடுக்கத் தடுக்கப் புதருக்குள் நடந்து போய்விட்டது.

"நாளைக்குப் பார்ப்போம்" என்று மற்ற இருவரும் எழுந்தார்கள்.

தேவாங்கு தனியாக உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிரித்தது. ஒவ்வொரு தையலாக எடுத்தது; ஒவ்வொரு துளையாக வருடியது. ஒன்றை ஒன்றோடு சேர்த்தது. இரண்டை இரண்டோடு சேர்த்தது. முதலில் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, மாட்டிப் பார்த்து, கையை உயர்த்தி இறக்கிச் சரிபார்த்தது. பிறகு நெருக்கமாகத் தைத்தது. மேற்கே வெளிச்சம் சிவக்கும் நேரத்தில் கடைசி முடிச்சைப் போட்டது.

மறுநாள் புதன்கிழமை. காலை ஏழு மணிக்குப் பாறைத் திடலில் வெயில் விழுந்தபோது, மானும் முயலும் காட்டெருமையும் கீரியும் கூட்டமாக வந்து நின்றன.

குரங்கு, தன் மிடுக்கைக் காட்ட மரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்து பைஜாமாவை மாட்டியது. கிளைக்குக் கிளை தாவலாம் என்று குதித்தது. பிடிக்க வேண்டிய கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. சேற்றுக் குட்டையில் 'தொப்'பென்று விழுந்து, நீலக் கோடுகள் எல்லாம் செம்மண் கோடுகளாகிவிட, எழுந்து நின்றது.

முள்ளம்பன்றி, அதைப் பார்த்த அந்த நொடியே தன் சட்டையைக் கழற்றியது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பாறையின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் முள் ஒன்றை எடுத்து, இடக்கையின் தையலைப் பிரிக்கத் தொடங்கியது.

தையல்சிட்டு, பாறைக்கு நடந்து வந்து சேர்ந்தது. "சிட்டக்கா, மேலே பறந்து காட்டுங்களேன், எல்லோருக்கும் தெரியட்டும்!" என்று முயல்குட்டிகள் கத்தின. "பழைய மோஸ்தரில் பறப்பது மரியாதை அல்ல" என்று சொல்லி, திடலை ஒரு முறை காலாலேயே சுற்றி வந்தது. சுற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு யாரும் இல்லாத புதருக்குப் பின்னால் போய், தன் தோள்பக்கம் அலகைத் திருப்பி, ஒரு தையலை இழுத்துப் பார்த்தது.

தேவாங்கு, கடைசியாகத்தான் வந்தது. காலரை நேராக்கிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்துப் பாறையின் உச்சிவரை ஏறியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தியது. முன்னால் நீட்டியது. பக்கவாட்டில் விரித்தது. எங்கும் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கோட்டோடு கோடு சேர்ந்து நின்றது.

திடல் முழுவதும் ஆரவாரித்தது.

"யாரம்மா இதைத் தைத்தது?" என்று கேட்டது காட்டெருமை.

"நான் தைத்தேன்" என்றது தேவாங்கு.

"எத்தனை நாள் ஆயிற்று?"

"பதினொரு நாள்" என்றது தேவாங்கு, தலையை நிமிர்த்திக்கொண்டு. "பத்து நாள் தைத்தேன். ஒரு நாள் பிரித்துத் தைத்தேன்."

நீதி: பிழைக்கு அழகான பெயர் சூட்டுவது பெருமை அல்ல, அதைப் பிரித்துச் சரியாகத் தைப்பதே பெருமை.