இரவல் சாவி

நாகப்பட்டினக் கடலோரத்தில் ஆராவமுத சுவாமிகளுக்கு ஒரு மடம். சீடர்கள் மூன்று பேர்: வடமலை, சாரங்கன், தாமோதரன். மூவருக்கும் சேர்த்து அரைப்படி மூளை என்று ஊரார் சொல்வார்கள். அது அநியாயம், அவ்வளவெல்லாம் கிடையாது.

அன்று துவாதசி. முதல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வடமலைக்கு, மடைப்பள்ளிக்குள் பூட்டியிருந்த சர்க்கரைப் பொங்கலைத் தவிர வேறு நினைவே இல்லை. சுவாமிகளிடம் சாவி கேட்டுக் கையை நீட்டினான்.

கப்பல்காரர்களுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி பிலவேந்திரன் அப்போது அங்கே இருந்தார். நாலு பாஷை தெரிந்தவருக்கு வாய் சும்மா இருக்குமா? சாவி என்பதே நம் சொல் இல்லை, போர்த்துக்கீசியரிடம் வாங்கிய இரவல் என்றார். அவர்களுக்கு அது லத்தீன் வழியாக வந்ததாம். இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின் எங்கும் அதே சொல்லைத்தான் ஆளுக்கொரு விதமாகத் திரித்துச் சொல்கிறார்களாம். லத்தீனில் ஆணிக்கும் அதற்கும் உறவுகூட உண்டாம். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

சுவாமிகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இரவல் பொருளை வைத்துக்கொண்டு விரதம் முடிக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். போன துவாதசிக்கும் பக்கத்து வீட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இலை போட்டார்கள்.

"யாருகிட்ட கொடுக்கிறது சாமி? இத்தனை தேசம் பங்காளியா நிக்குதே" என்றான் சாரங்கன்.

"கடல் எல்லாருக்கும் பொதுதானேப்பா. அதுல போடு. அவங்களே பிரிச்சுக்கட்டும்."

வடமலையின் கண்ணெதிரே சாவி அலையில் போனது. அது மாட்டியிருந்த ஆணியையும் தாமோதரன் பிடுங்கி வந்து, சொந்தக்காரனாச்சே, துணைக்குப் போகட்டும் என்று கூடவே எறிந்தான். வடமலைக்கு அழுகையே வந்துவிட்டது.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பறக்க ஒன்றும் இல்லாததாலோ என்னவோ, வடமலைக்கு அப்போதுதான் புத்தி வந்தது. திறவுகோல் என்று நமக்கே ஒரு சொல் இருக்கிறதே! ஓலை நறுக்கில் அதை அழகாக எழுதிப் பூட்டுக்குள் செருகினான். பூட்டு அசையவில்லை.

எழுத்துப்பிழையோ என்று உருவிப் பார்த்தார்கள். பிழை இல்லை. சுவாமிகள் வெகுநேரம் பூட்டையே உற்றுப் பார்த்தார்.

"பாவம், அதுக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

வடமலை பூட்டுக்கு முன்னால் மணலைப் பரப்பி உட்கார்ந்தான். கதவிடுக்கில் நெய் வாசனை வந்துகொண்டிருந்தது.

"எல்லாம் வேணாம்ப்பா. அஞ்சே எழுத்து கத்துக்கோ" என்று பூட்டைக் கெஞ்சினான்.

சுவாமிகள் அவனைக் கடிந்துகொண்டார். "எழுத்து ஆரம்பிக்கிற பிள்ளைக்கு முதல்ல வாய்க்கு இனிப்புக் கொடுக்கணும்டா. உள்ள போய் அந்தப் பொங்கல்ல ஒரு கவளம் எடுத்துக்கிட்டு வா."

சரி சாமி என்று வடமலை எழுந்து போய்க் கதவைத் தட்டினான்.