தளபதி எழுதாத எண்

வேழநாட்டுத் தளபதி மார்த்தாண்டர் ஒரு பெரிய டாங்கியைச் செய்வித்தார். அதன் எடை நாற்பது டன் என்று மகாராணியிடம் சொல்லிப் பட்டமும் வாங்கிக்கொண்டார். உண்மையில் அது அறுபத்தெட்டு டன் என்பது அதை ஓட்டும் செங்கமலத்துக்குத் தெரியும்.

வெள்ளோட்ட நாளில் மகாராணி ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் வெள்ளம் சுழித்து ஓடியது. பாலம் நாற்பத்தைந்து டன்தான் தாங்கும்.

"பாலத்தைக் கடந்து போ! மறுத்தால் சிறைதான்," என்றார் தளபதி.

டாங்கிக்குள் இருந்த மூன்று வீரர்களும் செங்கமலத்தையே பார்த்தார்கள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கரையில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பொறுமையிழந்து கத்தியது. அவள் மேல்மூடியைத் திறந்து தலையை நீட்டினாள்.

"இதோ போகிறேன் ஐயா. வண்டியின் எடையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பாலக் காவலர் எந்த வண்டியையும் விடமாட்டார்."

தளபதி பேனாவைத் திறந்தார். நாற்பது என்று எழுதினால், பாலம் உடைந்ததும் பழியை ஓட்டியவள்மேல் போட முடியாது; அது அவர் தலையிலேயே விழும். அறுபத்தெட்டு என்று எழுதலாமென்றால் மகாராணி பக்கத்திலேயே நிற்கிறார்.

"எஞ்சினை நிறுத்து," என்றார் மெல்ல.

மகாராணி திரும்பினார். "ஏன் நிறுத்த வேண்டும்? பெண்ணே, இது எத்தனை டன்?"

"அறுபத்தெட்டு, அம்மா."

"முன்பே ஏன் சொல்லவில்லை?"

"இரண்டு முறை தங்களுக்கு எழுதினேன். இரண்டு கடிதங்களையும் தளபதி ஐயாதான் வாங்கி வைத்துக்கொண்டார்."

மகாராணி அங்கேயே தளபதியின் பதவியைப் பறித்தார். வீரர்கள் மூவரும் டாங்கியிலிருந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.