ஹவில்தாரை முந்தாத மூவர்

நல்ல மனம் இருந்தால் போதும், அறிவு தானாகப் பின்னால் வந்து சேரும் என்று நம்புகிறவர்கள், ஏட்டான்குளத்து மிதிவண்டி மன்றத்தாரை ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும். அந்த மூவரிடமும் நல்ல மனத்துக்குக் குறைவில்லை. அறிவு மட்டும் இன்றுவரை வந்து சேரவில்லை.

போர்முனையில் ஊனமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்ட, ஏட்டான்குளத்திலிருந்து நாகர்கோவில் வரை சைக்கிளில் போவதென்று அவர்கள் தீர்மானித்தார்கள். தொடங்கிவைக்க அழைக்கப்பட்டவர், கண்ணிவெடியில் இடது காலை இழந்த ஹவில்தார் ஞானதிரவியம். நாகர்கோவில் முகாம் ஒன்றில் அவருக்கென அளவெடுத்துச் செய்த செயற்கைக் கால் காத்திருந்தது. முகாம் அன்று மாலையோடு முடிகிறது. தவறினால் அடுத்த ஆண்டுதான். ஆகவே கொடியசைத்த கையோடு அவர் ஆட்டோவில் நெடுஞ்சாலைக்குப் போய்ப் பேருந்து பிடிப்பதாக ஏற்பாடு.

செலவை ஏற்ற அரிசி ஆலை முதலாளி மன்றத்தாருக்குப் புத்தி சொன்னார். "மரியாதை முக்கியம். ஹவில்தாருக்கு முன்னால யாரும் போயிரக் கூடாது. சைக்கிள் கம்பியில கட்டின பேனரை அவிழ்க்காதீங்க. உண்டியலைப் பத்திரமா மூடி வைங்க."

மன்றத் தலைவர் பொன்னுலிங்கம் உண்டியலின் மூடியை மட்டுமல்ல, காசு போடும் துளையையும் மெழுகு காய்ச்சி அடைத்தார். காசு போட வந்த பதநீர்க்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காசை மடியிலேயே முடிந்துகொண்டார்.

குளக்கரைச் சாலை. ஹவில்தார் ஊன்றுகோலோடு சற்று முன்னே போய் நின்று கொடியை அசைத்தார். ஒருவரும் அசையவில்லை.

"கிளம்புங்கவே!"

"நீங்க முன்னால போங்கய்யா. நாங்க பின்னால வாரோம்."

"நான் ஆட்டோவில போறேன்வே!"

ஆட்டோ அவர்களுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூவரில் ஒருவரான ஆவுடையப்பன் போய் ஓட்டுநரை அதட்டினார்: "நாட்டுக்குக் காலைக் குடுத்த மனுசரைத் தாண்டியா போகப் பாக்க? வெக்கமா இல்ல?"

"அவரை ஏத்தத்தாம்ல வந்திருக்கேன்!"

"ஏத்து. பின்னால நின்னே ஏத்து."

ஹவில்தாரே ஆட்டோவை நோக்கித் திரும்பி வந்தார். அவருக்கு வழியை மறித்து முன்னால் நிற்பது அவமரியாதை அல்லவா? மூவரும் பின்வாங்கினார்கள், ஆட்டோவையும் சேர்த்துத் தள்ளினார்கள். அவர் வர வர ஆட்டோ விலகியது. கடைசியில் அது வாய்க்காலில் இறங்கிச் சாய்ந்தது.

ஹவில்தார் நடந்தார். அந்த ஊன்றுகோல் நடையை முந்தாமல் சைக்கிளில் உட்கார்ந்து உருட்ட முடியுமா? மூன்றாமவர் பிச்சைக்கண்ணு கருவேலஞ்செடியில் விழுந்து விழுந்து எழுந்தார். எழுந்தபோதெல்லாம், "கஷ்டம் இருந்தாத்தானே அது சேவை," என்று சொல்லிக்கொண்டார். யாருடைய கஷ்டம் என்று அவர் விசாரிக்கவில்லை.

ஊன்றுகோல் உரசி அக்குள் புண்ணாகிப்போன ஹவில்தார், "ஏதாவது ஒரு சைக்கிள்ல என்னை ஏத்துங்கவே," என்றார்.

மூவரும் வட்டமாக நின்று ஆலோசித்தார்கள்.

"நடுக்கம்பியில ஏத்தலாமே?"

"பேனர் கட்டியிருக்குல்லா. அவிழ்க்கக் கூடாது."

பேனரில், 'வீரர்களைத் தாங்குவோம்' என்று எழுதியிருந்தது.

"அப்போ கேரியர்?"

"கேரியர்ல உக்காந்தா ஓட்டுறவன் அவருக்கு முன்னால போயிருவானே!"

நெடுநேர யோசனைக்குப் பின் தலைவர் தீர்ப்புச் சொன்னார். ஹவில்தாரைக் கேரியரில் அமர்த்தி, சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளினார்கள். கேரியர் முன்னே போனது, மரியாதை காப்பாற்றப்பட்டது, ஹாண்டில் எதிர்ப்பக்கம் வளைந்து, மூவரும் ஹவில்தாரும் நாற்றங்காலில் போய் விழுந்தார்கள்.

"எதிரிகூட என்னை இந்தப் பாடு படுத்தலவே," என்று சேற்றை வழித்தபடி அவர் மறுபடி நடந்தார்.

நெடுஞ்சாலையில் நாகர்கோவில் பேருந்து ஒன்று நின்றது. ஹவில்தார் ஏறிக்கொண்டார்.

"முன்னாலதான் போறாரு! விடாதீங்கலே!" என்று பொன்னுலிங்கம் கத்தினார். அப்போதுதான் அவர்கள் அன்றைக்கு முதன்முறையாகச் சைக்கிளை மிதித்தார்கள் என்று சொல்லவேண்டும்.

முகாமின் கதவைச் சாத்தப்போன நேரத்தில் ஹவில்தார் போய்ச் சேர்ந்தார். மருத்துவர் முகம் சுளிக்காமல் காலைப் பொருத்தினார். இரண்டு கைகளையும் வீசி நடந்து எத்தனையோ நாளாயிற்று அந்த மனிதருக்கு. முற்றத்தில் மெல்ல நடந்து பழகிக்கொண்டிருந்தபோது, இருட்டுகிற வேளையில், நாக்குத் தள்ள மூவரும் வந்து இறங்கினார்கள். அவருக்கே மனம் இளகிவிட்டது.

"வந்துட்டியளாவே?"

பொன்னுலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கால்களைப் பார்த்தார்.

"ஐயா ஆரு?"

"ஞானதிரவியம்வே! காலையிலிருந்து என்னைச் சாகடிச்சியளே!"

"எங்க ஹவில்தாருக்கு ஒரு காலுதான்."

"முகம் அச்சு அசலா அவரு மாதிரியே இருக்கு அண்ணாச்சி," என்றார் ஆவுடையப்பன்.

"கூடப் பொறந்தவரா இருக்கும்," என்றார் பிச்சைக்கண்ணு.

ஹவில்தார் காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது செஞ்ச காலுவே!"

"செஞ்சதோ வளந்ததோ, ரெண்டு ரெண்டுதானய்யா," என்ற பொன்னுலிங்கத்தின் முகம் திடீரென்று வெளிறியது. "ஏலே! அப்போ ஹவில்தார் இன்னும் வந்து சேரல. அவரைத் தாண்டி நாம முன்னால வந்துட்டோம்!"

மூவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடுத்த நொடி சைக்கிள்களை ஏட்டான்குளத்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

"நில்லுங்கவே! நான்தாம்வே அவரு!" என்று ஹவில்தார் புதுக்காலால் தத்தித் தத்தி வாசல்வரை துரத்தினார்.

"அண்ணாச்சி, பின்னால ஒருத்தர் ஓடி வாராரு," என்றார் பிச்சைக்கண்ணு.

"வரட்டும்லே. ஒத்தக் காலோட அந்த மனுசர் எங்க கெடந்து தவிக்காரோ. இவருக்கென்ன, ரெண்டு காலு இருக்குல்லா, நல்லா ஓடட்டும்," என்று சொல்லி, பொன்னுலிங்கம் இன்னும் வேகமாக மிதித்தார்.