உடும்பு ஒப்பித்த இருநூறு வார்த்தைகள்

ஏரிக்கரைக் காட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே பத்தாம் வகுப்பில் வேம்பன் என்ற உடும்பும் பவளம் என்ற நீர்நாயும் படித்தன.

ஆங்கில முழு ஆண்டுத் தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தது. நாரை டீச்சர் இருநூறு ஆங்கில வார்த்தைகளை அகர வரிசையில் எழுதி, அர்த்தமும் போட்டுக் கொடுத்தார். இதில் தேறாவிட்டால் மேல் வகுப்பு கிடையாது.

வேம்பன் பாறைமேல் படுத்தபடி நெட்டுரு போட்டது. "எபிலிட்டின்னா திறமை, அப்ராட்ன்னா வெளிநாடு..." பத்தே நாளில் இருநூறையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தது. கேட்ட மயில்கள் வாயைப் பிளந்தன. வேம்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

பவளம் தினமும் நாலே வார்த்தை படிக்கும். ஏரிக்கு வந்திருந்த வெளிநாட்டு வாத்துகளுக்கு ஆங்கிலம்தான் பேச்சு. அவற்றிடம் போய் அந்த நாலையும் பேசிப் பார்க்கும். ஒருநாள் பசிக்கிறது என்று சொல்லப்போய், 'ஹங்கிரி'க்குப் பதில் 'ஆங்கிரி' என்று சொல்லிவிட்டது. இதற்கு என்ன கோபமோ என்று வாத்துகள் நாலடி தள்ளி நீந்தின. விஷயம் புரிந்ததும் சிரித்துத் திருத்தின.

"ஏன் இப்படி மானத்தைக் கெடுத்துக்கிற?" என்றது வேம்பன். "எத்தனை வார்த்தை முடிச்ச?"

"அம்பது இருக்கும்."

"நான் இருநூறும் முடிச்சாச்சு. பாவம் நீ."

தேர்வு நாள் வந்தது. பத்து வார்த்தைகளுக்கு அர்த்தம் எழுதி, வாக்கியத்திலும் அமைக்க வேண்டும். முதல் வார்த்தை 'தர்ஸ்டி'.

வேம்பன் திகைத்தது. தெரிந்த வார்த்தைதான், ஆனால் வரிசையில் வந்தால்தானே அர்த்தம் வரும்? கண்ணை மூடிக்கொண்டு 'எபிலிட்டி'யிலிருந்து தொடங்கியது. முணுமுணுத்து முணுமுணுத்து நாக்கு வறண்டது.

"டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்."

இரண்டு மிடறு குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நூற்று எண்பதாவது வார்த்தையில்தான் 'தாகம்' அகப்பட்டது.

அடுத்த கேள்வி 'பாரோ', அதாவது கடன் வாங்குவது. அது பட்டியலில் முன்னாலேயே போய்விட்டது. திரும்பவும் 'எபிலிட்டி'. மூன்றாவது அர்த்தத்தை எழுதும்போது மணி அடித்துவிட்டது. வாக்கியம் ஒன்றுகூட எழுதவில்லை.

முடிவு வந்தது. வாத்துகளின் பேச்சில் காதில் விழுந்த வார்த்தைகளும் கைகொடுக்க, எழுத்துப்பிழைகளோடு பவளம் தேறியிருந்தது. வேம்பன் தேறவில்லை. அடுத்த மாதத் துணைத்தேர்வை விட்டால் ஒரு வருஷம் போய்விடும். அன்று முழுக்க அது பாறைப் பொந்தை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் பவளத்தைத் தேடி வந்தது. "அந்த வாத்துங்ககிட்ட என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

"சிரிப்பாங்களே, பரவாயில்லையா?"

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

"அப்ப சீக்கிரம் வா. இன்னும் ரெண்டு வாரத்துல ஊருக்குக் கிளம்பிடுவாங்க."

வாத்துகள் வயிறு வலிக்கச் சிரித்தன. வேம்பன் முகம் சிவந்தாலும் தினமும் போனது. துணைத்தேர்வில் முப்பத்தெட்டு மதிப்பெண் எடுத்து மேல் வகுப்புக்குப் போனது.

ஒப்பித்த வார்த்தை பட்டியலோடு நின்றுவிடும். தப்பாகவாவது பேசிப் பழகிய வார்த்தைதான் வேண்டும்போது வாயில் வந்து நிற்கும்.