எட்டு ஜிபியா, பதினாறு ஜிபியா

தணிகாசலத்துக்கு ஒன்பது நாளாகச் சோறு இறங்கவில்லை. எல்லாம் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளால் வந்த வினை.

கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படம் தீட்டித் தருகிற கார்டுகள் அவை. ஒன்றில் எட்டு ஜிபி நினைவகம், வேகம் அதிகம். இன்னொன்றில் பதினாறு ஜிபி, வேகம் கொஞ்சம் மட்டு. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். அதுவே அவருக்குப் பெரிய இம்சையாகப் போயிற்று. விலையாவது வித்தியாசப்பட்டிருந்தால் அதைச் சாக்காக வைத்து ஒன்றைத் தள்ளியிருப்பார்.

வயது ஐம்பத்தொன்று. இன்ஜினியர் மாரப்பனிடம் இருபத்தாறு வருடம் கட்டட பிளான் வரைந்தவர். போன மாதம் மாரப்பன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆஸ்பத்திரிக்காரங்க திங்கக்கிழமை காலையில வர்றாங்க. கட்டப்போற வார்டுக்குள்ள நடந்து போற மாதிரி அரை நிமிசப் படம் வேணும். உன்னால ஆகலைன்னா சென்னைப் பசங்ககிட்டக் குடுத்தர்றேன். அப்புறம் இங்க உனக்கு என்ன வேலைன்னு எனக்கே தெரியல."

வார்டை வரைந்து முடித்தார். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோதே பழைய கார்டு புகைந்து உயிரை விட்டது. புதுக் கார்டு வாங்க அன்றைக்கு ஆரம்பித்த ஒப்பீடு இது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு காந்திபுரத்தில் பேக்கரி மாடியிலிருந்த ஜெசிந்தாவின் வகுப்புக்கு ஓடினார். ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது. கம்ப்யூட்டரில் கட்டடம் வரைய அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வயதைப் பார்க்காமல் அவர் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"மிஸ், நீங்கதான் சொல்லோணும். கடையில ரெண்டுலயும் ஒவ்வொண்ணுதான் இருக்குதுங்க. ஒரு மணிக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

நோட்டை விரித்தார். இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் பதினாறு. எத்தனை கோர், எத்தனை வாட், எவ்வளவு சூடு, விசிறி போடும் சத்தம் வரைக்கும் எழுதியிருந்தார். ஏதோ ஒரு கார் பந்தய விளையாட்டில் எட்டு ஜிபி கார்டு நொடிக்குத் தொண்ணூறு படம் காட்டும், பதினாறு ஜிபி கார்டு எழுபத்தாறு. அந்த விளையாட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

ஜெசிந்தா ஒரு பக்கத்தைப் படித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

"உங்க வார்டு எத்தனை ஜிபி தின்னுதுங்ண்ணா?"

"வார்டா?"

"நீங்க வரைஞ்சது."

நோட்டில் எல்லா எண்ணும் இருந்தது, அது மட்டும் இல்லை. தணிகாசலத்துக்குக் காது சூடேறியது.

"பென்டிரைவ் கொண்டாந்தீங்களா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வகுப்பில் இரண்டு மெஷின்கள் சும்மா இருந்தன. ஒன்றில் எட்டு ஜிபி கார்டு, இன்னொன்றில் பதினாறு. அவர் மாதக்கணக்கில் அவற்றின் முன்னால் உட்கார்ந்துதான் படித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எட்டு ஜிபி மெஷின் வார்டை ஏற்றத் தொடங்கி, பாதியில் நினைவகம் போதவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

"அப்பப் பதினாறுதானுங்க," என்றார். ஒன்பது நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

"இருங்ண்ணா."

பதினாறு ஜிபி மெஷின் நிற்கவில்லை. ஒரு படத்தைத் தீட்டி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. நொடிக்கு முப்பது வீதம் அரை நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் படம் வேண்டும். தணிகாசலம் மனதுக்குள் பெருக்கினார். ஏழரை நாள். திங்கட்கிழமைக்கு நாலு நாள்கூட முழுசாக இல்லை.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுவும் ஆகாதுங்களா? இதைவிடப் பெரிய கார்டு இருக்குதுங்களா மிஸ்?"

ஜெசிந்தா வார்டின் ஒரு சுவரைத் திரையிலிருந்து விலக்கினாள். சுவருக்குள்ளே தண்ணீர்க் குழாய்கள் ஓடின. ஒவ்வொரு மூட்டிலும் திருகி முடுக்குகிற மரைகூடச் சுற்றியிருந்தது. கட்டிலைப் பெரிதாக்கினாள். நாற்பது கட்டில், கட்டிலுக்கு முப்பத்தாறு ஸ்குரூ. அதிலும் மரை.

"கேமரா சுவத்துக்குள்ள போகுமாங்ண்ணா?"

"போகாதுங்க."

"பின்ன?"

"இன்ஜினியர் கேட்டுட்டாருன்னா?" குரல் இறங்கிவிட்டது. "பதினெட்டு வருசத்துக்கு முந்தி ஒரு பாத்ரூம் பிளான்ல ஒரே ஒரு குழாய் வளைவு விட்டுப்போச்சுங்க மிஸ். மேஸ்திரி, சித்தாள் எல்லாம் நிக்கறப்ப அவரு பேப்பரைக் கிழிச்சு மூஞ்சில எறிஞ்சாரு. அதுக்கப்புறம் நான் எதையும் விடறதில்லைங்க."

அவள் குழாய்களைத் தேர்ந்தெடுத்தாள்.

"அழிச்சராதீங்க மிஸ்."

"அழிக்கலைங்ண்ணா. மறைச்சு வைக்கறேன். கேட்டா எடுத்துக் காட்டிக்கலாம்."

குழாய்கள் காணாமல் போயின. சுவர் சுவராகத்தான் இருந்தது. அவள் எழுந்து மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஸ்குரூவை நீங்களே எடுங்க. ஒரு கட்டில்ல எடுத்தா நாப்பதுலயும் போயிரும்."

அந்தக் கட்டிலை அவர் ஆறு நாள் வரைந்திருந்தார். ஸ்குரூ இல்லாத கட்டிலில் நோயாளி படுத்தால் விழுந்துவிடுவான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அப்படியொரு நோயாளியே கிடையாது என்பது தெரிந்தும். கடைசியில் அழுத்திவிட்டார். முப்பத்தாறும் போயின. கட்டில் அப்படியே நின்றது.

மறுபடி இரண்டு மெஷினிலும் ஓட்டினாள். எட்டு ஜிபி நாற்பது நொடியில் முடித்தது. பதினாறு ஜிபிக்கு நாற்பத்தெட்டு நொடி. தணிகாசலம் இரண்டு படத்தையும் திரையில் அடுத்தடுத்து வைத்து, மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். முதலில் பன்னிரண்டு நிமிடம் எடுத்து வந்த படத்தையும் பக்கத்தில் வைத்தார். மூன்றுக்கும் ஒரு வித்தியாசமும் அவருக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. கடைக்காரர்.

"அண்ணா, மணி ஒண்ணாச்சு. எதை எடுத்து வைக்க?"

அவர் பதறிப்போய் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மிஸ், கேக்கறாங்க. எட்டா, பதினாறா?"

"வார்டுக்கு ரெண்டுல எதுன்னாலும் போதுங்ண்ணா," என்றாள் ஜெசிந்தா. "உங்க பயத்துக்குப் பத்தற கார்டைத்தான் இன்னும் யாரும் செய்யலை."